பல் துலக்கப் பதினைந்து படிகள்

பல் துலக்குவது நமக்கு ஒரே வேலை. சிறப்பாசிரியர் ஒருவரிடம் கேட்டால் காகிதத்தை எடுத்துப் படிப்படியாக எழுதத் தொடங்குவார். பிரஷ்ஷை எடுப்பது, குழாயைத் திறப்பது, பிரஷ்ஷை நனைப்பது, குழாயை மூடுவது, பேஸ்ட் மூடியைத் திருகுவது, ட்யூபை அளவாக அழுத்துவது, மூடியை மறுபடி போடுவது, முன்பற்கள், இடப்பக்கம், வலப்பக்கம், துப்புவது, வாய் கொப்பளிப்பது, பிரஷ்ஷைக் கழுவுவது, இருந்த இடத்தில் வைப்பது, துண்டால் முகம் துடைப்பது. எண்ணிப் பார்த்தால் பதினைந்து வரும். ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள ஒரு குழந்தை இதில் எந்தப் படி வரை தானாகச் செய்கிறது, எங்கே தடுமாறி நிற்கிறது என்று பார்ப்பதில்தான் அந்தக் குழந்தைக்கான பாடமே தொடங்குகிறது.

கற்றுத்தருவதை முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல நேரங்களில் கடைசியிலிருந்து தொடங்குவார்கள். பதினான்கு படிகளையும் அம்மா கைப்பிடித்துச் செய்ய வைப்பார். முகம் துடைப்பதை மட்டும் பிள்ளை தானாகச் செய்யும். அது கைவந்ததும் கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று. இப்படிச் செய்யும்போது ஒவ்வொரு நாளும் வேலையை முடித்து வைப்பது பிள்ளைதான். பாதியில் தோற்று நிற்பது அதற்குப் பழக்கமாவதில்லை.

நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதற்கெல்லாம் இடமில்லை. வீட்டிலோ பல் துலக்கும் நேரம் தினமும் காலையில் தானாக வந்துவிடுகிறது. சாப்பிடும் நேரம், குளிக்கும் நேரம், துணி மடிக்கும் நேரம் எல்லாமே அப்படித்தான். சிறப்புக் குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் பெற்றோர் இறங்குவது இந்த ஒரு வசதியை நம்பித்தான்.

ஆனால் வீட்டில் கற்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் இல்லை. பள்ளியின் சத்தமும் கூட்டமும் பிள்ளையைப் பதறவைப்பதைப் பார்த்து, யோசித்து, திட்டமிட்டு வீட்டுக்கு அழைத்து வந்த பெற்றோர் ஒரு சாரார். பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்னொரு சாரார். "எங்களிடம் அதற்கான டீச்சர் இல்லை", "மற்ற பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க", "நீங்களே கூட உட்கார்ந்துக்கிட்டா பார்க்கலாம்" என்ற வாசகங்கள் இந்தப் பெற்றோருக்கு மனப்பாடம். முதல் சாராருக்கு வீட்டுக்கல்வி ஒரு தேர்வு. இரண்டாம் சாராருக்கு அது வேறு வழியில்லாமை. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது இரண்டாமவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இந்த இரண்டாம் சாரார் எத்தனை பெரிய கூட்டம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. யுனெஸ்கோவும் மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் ஐந்து வயதுள்ள மாற்றுத்திறன் குழந்தைகளில் நான்கில் மூன்று பேர் எந்தக் கல்வி நிலையத்துக்கும் போகவில்லை. ஐந்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களில் நான்கில் ஒருவர் போகவில்லை. இவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கல்வி பெறுகிறார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. 2012-ல் அதில் ஒரு திருத்தம் வந்தது. பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தைக்கு, விரும்பினால் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையும் உண்டு என்றது அந்தத் திருத்தம். 'விரும்பினால்' என்பதை அடிக்கோடிட்டு வாசிக்க வேண்டும். அந்த விருப்பம் குழந்தையின் பக்கத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் கையில் இல்லை. அடுத்து வந்த 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. ஆட்டிசம், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள், தசைச்சிதைவு நோய் எல்லாம் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தன. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள குழந்தைக்கு 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே, "வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுங்கள்" என்று ஒரு பள்ளி கதவைச் சாத்தினால், அது சட்டப்படி அந்தப் பள்ளிக்கு இல்லாத அதிகாரம்.

படுக்கையை விட்டு எழ முடியாத, வேனில் ஏற்றி இறக்க முடியாத பிள்ளைகளுக்காக அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வீட்டுவழிப் பயிற்சி நடக்கிறது. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீடு தேடி வருவார்கள். பிள்ளையின் பெயர் பக்கத்து அரசுப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். இந்த ஏற்பாடு இருப்பதே தெரியாத குடும்பங்கள் கிராமங்களில் ஏராளம். தெரிந்த குடும்பங்களுக்கும் பற்றாக்குறைதான். பல ஊர்களைச் சுற்றிவரும் ஒரு பயிற்றுநரால் ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021-ல் ஒரு வழக்கில் அளவு வகுத்தது. நீதிமன்றம் வரை போய் அந்த எண்ணிக்கையைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

வாரத்துக்கு ஒருநாள் ஆசிரியர் வீட்டுக்கு வருவதால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். அந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு நல்ல விடை கிடைத்தது. 1969-ல் போர்டேஜ் என்ற சிற்றூரை மையமாக வைத்துச் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு திட்டம் தொடங்கினார்கள். சுற்றிலும் பண்ணைகள், வீட்டுக்கு வீடு வெகுதூரம். சின்னஞ்சிறு பிள்ளைகளை ஓரிடத்துக்குக் கூட்டிவந்து வகுப்பு நடத்த வழியில்லை. அதனால் ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போனார். போய்ப் பிள்ளைக்குப் பாடம் நடத்திவிட்டு வரவில்லை. அந்த வாரம் என்ன கற்றுத்தர வேண்டும், எப்படித் தர வேண்டும் என்று தாய்க்குச் செய்துகாட்டி, அவரைச் செய்ய வைத்துப் பார்த்து, ஒரு தாளில் குறித்துக்கொடுத்துவிட்டு வந்தார். மற்ற நாட்களில் தாய் கற்றுத்தந்து அதே தாளில் பதிவுசெய்தார். பிறப்பு முதல் 6 வயது வரை ஒரு குழந்தை எட்ட வேண்டிய 580 திறன்களை அவர்கள் வரிசைப்படுத்திவைத்த பட்டியல் பின்னாளில் பல மொழிகளுக்குப் போனது. நம் நாட்டுப் பயிற்சி மையங்களிலும் அதன் சாயல் இருக்கிறது. ஆசிரியரின் ஒரு மணி நேரம் தாய்க்குப் போனால் அது வாரம் முழுக்கப் பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்பதுதான் போர்டேஜ் கண்டது.

நம் நாட்டில் இந்த வழியைப் போட்டவர்களிலும் பெற்றோர்களே முன்னால் நிற்கிறார்கள். பெருமூளை வாதம் உள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985-ல் சென்னையில் தொடங்கிய அமைப்புதான் கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகர். பின்னாளில் அவர் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்குத் தலைவராகவும் இருந்தார். ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெர்ரி பரூவா டெல்லியில் 1991-ல் தொடங்கிய 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்', தாயும் பிள்ளையும் சேர்ந்தே வந்து பயிலும் பயிற்சியை நடத்துகிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தில் குழந்தையின் நிலையை அளவிடுவது முதல் பெற்றோர் பயிற்சி வரை உண்டு. வீட்டில் கற்பிக்க நினைக்கும் எவரும் முதலில் இப்படியோர் இடத்தில் பிள்ளையின் இன்றைய நிலையை முழுமையாகத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. வயது பத்தாக இருக்கலாம். பேச்சு மூன்று வயதின் அளவிலும், கணக்கு ஆறு வயதின் அளவிலும், கைத்திறன் இரண்டு வயதின் அளவிலும் இருக்கலாம். எந்த வகுப்பின் பாடப்புத்தகமும் இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது.

இனி அடுப்படிக்குப் போகலாம். நம் வீடுகளில் இந்தக் கல்விக்கான கருவிகள் காசில்லாமல் கிடக்கின்றன. முறத்தில் பயறைப் பரப்பிக் கல் பொறுக்கச் சொன்னால் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து பிடிக்கப் பழகும். பென்சில் பிடிக்க வேண்டியதும் அதே பிடிதான். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொன்னால் வகைப்படுத்தும் பாடம். நான்கு பேருக்கு நான்கு தட்டு, நான்கு தம்ளர் என்று வைக்கச் சொன்னால் ஒன்றுக்கொன்று பொருத்தும் கணக்கு. சப்பாத்தி மாவு பிசைவது தளர்ந்த கைகளுக்குப் பலம் தரும். கோலப்புள்ளிகளை இணைப்பது எழுத்துக்கு முந்திய பயிற்சி. எழுத்து என்று வரும்போதும் 'அ'வில்தான் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. ட, ப என்று நேர்கோடுகளால் ஆன எழுத்துகளில் தொடங்கினால் வளைத்துச் சுழிக்க முடியாத கைக்கும் முதல் நாளே ஒரு எழுத்து வசப்படும்.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் முந்திய பாடம் உட்கார்வது. முதுகும் இடுப்பும் பாதமும் தாங்கப்படாமல் சாய்ந்து கிடக்கும் குழந்தைக்குத் தலையை நிமிர்த்துவதிலேயே முழுச் சக்தியும் போய்விடும். கண்ணால் பார்ப்பது, கையால் எடுப்பது எல்லாம் பிறகுதான். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவில் உள்ளூர்த் தச்சர் செய்துகொடுக்கும் மூலை நாற்காலி பல வீடுகளில் பிள்ளையின் உலகத்தையே மாற்றியிருக்கிறது. சுவரையும் கூரையையும் பார்த்துக் கிடந்த பிள்ளை முகங்களைப் பார்க்கத் தொடங்குகிறது. மடியில் படுக்கவைத்துச் சோறு ஊட்டுவது புரையேறும் ஆபத்துள்ளது என்பதைக்கூட யாராவது நேரில் காட்டிக்கொடுத்தால்தான் குடும்பத்துக்குத் தெரிகிறது.

பேச்சு வராத பிள்ளைக்கு மொழி இல்லை என்று முடிவுகட்டிவிடுவது வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. தண்ணீர், சோறு, கழிவறை, வலி, போதும் என்று ஐந்து படங்களை ஓர் அட்டையில் ஒட்டிக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டிவைத்தால் அழுகையும் அடியும் கடியும் குறைவதைப் பல பெற்றோர் பார்த்திருக்கிறார்கள். கேட்க வழியில்லாதபோதுதான் பிள்ளை கத்துகிறது. சென்னையைச் சேர்ந்த அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' என்ற செயலியில் படத்தைத் தொட்டால் டேப்லெட் பேசும், தமிழிலும் பேசும். படம் காட்டினால் பிள்ளை பேசாமலே இருந்துவிடுமோ என்ற பயம் பல தாத்தா பாட்டிகளுக்கு உண்டு. படங்களால் பேச்சு தடைப்படுவதில்லை. சில குழந்தைகளுக்கு அவை பேச்சுக்கே வழி திறந்திருக்கின்றன.

இன்னொரு பாடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பெற்றோர் தள்ளிப்போடுகிறார்கள். உடலின் எந்தப் பகுதியை யார் தொடலாம், உடை மாற்றக் கதவைச் சாத்த வேண்டும், மாதவிலக்கு நாட்களில் நாப்கினை எப்படி மாற்ற வேண்டும் என்பவற்றைப் பருவம் வருவதற்கு முன்பே, பல் துலக்கக் கற்றுத்தந்த அதே படிமுறையில் கற்றுத்தர வேண்டும். பொம்மையில் செய்துகாட்டலாம், படங்களாக வரிசைப்படுத்தலாம். தன்னைக் காத்துக்கொள்ளும் அறிவு எந்த எழுத்தறிவுக்கும் குறைந்ததில்லை.

எல்லாச் சிறப்புக் குழந்தைகளுக்கும் பாடப்படிப்பு எட்டாத ஒன்று என்பதும் இல்லை. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அறிவில் எந்தக் குறையும் இருப்பதில்லை. ஆட்டிசம் உள்ளவர்களில் பட்டப்படிப்பு முடித்தவர்கள் உண்டு. தமிழகப் பொதுத்தேர்வுகளில் மருத்துவச் சான்றின் பேரில் ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு, சொல்வதை எழுத ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கின்றன. வீட்டில் படிப்பவர்களுக்கு இன்னொரு பெரிய வாசல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989-ல் தொடங்கப்பட்ட இந்த மத்திய அரசு நிறுவனத்தில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவுசெய்யலாம். அதற்குக் கீழே 3, 5, 8 வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகளும் இருக்கின்றன. இதன் அருமை ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. இந்தப் பருவத்தில் ஒன்று, அடுத்த பருவத்தில் ஒன்று என்று ஐந்து ஆண்டுகள் வரை எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். கணக்கு கட்டாயமில்லை. ஓவியம், மனையியல், கணினியில் தரவுப்பதிவு என்று பிள்ளைக்குக் கைவருவதைத் தேர்ந்தெடுக்கலாம்; தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் மட்டுமே கவனம் நிற்கும் பிள்ளைக்கு இந்த நிதானம் எவ்வளவு பெரிய கொடை என்று அதன் பெற்றோருக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் வாசிக்கும்போது வீட்டுக்கல்வி எளிதாகத் தோன்றினால், அதைச் செய்யும் பெண்களைப் பற்றி இன்னும் பேசவில்லை என்று பொருள். பெண்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான வீடுகளில் வேலையை விடுவது தாய்தான். தெரபி வகுப்புக்குப் பேருந்தில் தூக்கிக்கொண்டு ஓடுவதும், இரவில் தூங்காத பிள்ளையோடு விழித்திருப்பதும், காலையில் மறுபடி ஆசிரியையாக உட்கார்வதும் அவர்தான். கல்யாணம் காட்சிக்குப் போவது நின்றுவிடுகிறது. போனாலும், "எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டே?", "அடுத்ததாவது நல்லா பெத்துக்கோ" என்ற பேச்சுகள். தாய் தாயாக மட்டும் இருக்கும் நேரமே இல்லாமல் போவது பிள்ளைக்கும் நல்லதில்லை. எப்போதும் எதையாவது கற்றுத்தந்துகொண்டே இருக்கும் அம்மாவைக் கண்டால் எந்தப் பிள்ளைக்கும் களைப்புத்தான் வரும். வாரத்தில் சில மணி நேரத்தை அப்பா முழுப்பொறுப்பாக எடுத்துக்கொள்ளும் வீடுகளில் கல்வி நீடிக்கிறது. உடன்பிறந்த பிள்ளைக்கு அந்த நேரத்தில் தாய் தனியாகக் கிடைக்கிறார்.

பிள்ளைக்கும் வீடு மட்டும் போதாது. கடைக்குக் கூட்டிப்போய்ப் பத்து ரூபாயைத் தன் கையால் கொடுத்துச் சில்லறை வாங்க வைப்பது, பேருந்துக்குக் காத்திருக்கப் பழக்குவது, பூங்காவில் மற்ற பிள்ளைகளோடு ஊஞ்சலுக்கு முறை போடுவது ஆகியவற்றை நான்கு சுவருக்குள் கற்றுத்தர முடியாது. யோசித்து வீட்டுக்கல்வியைத் தேர்ந்த பெற்றோர் பலரும் வாரம் ஒருநாளாவது வேறு குடும்பங்களோடு சேர்ந்து வெளியே போவதைப் பாடத்திட்டத்தின் பகுதியாகவே வைத்திருக்கிறார்கள்.

களைத்துப்போன பெற்றோரைத் தேடி வியாபாரமும் வரும். ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று லட்சக்கணக்கில் வாங்கும் ஸ்டெம்செல் சிகிச்சை அதில் ஒன்று. ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் தரப்பிலிருந்தே 2022-ல் சொல்லப்பட்டுவிட்டது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுத வைக்கும் முறைகளிலும் எச்சரிக்கை வேண்டும். எழுதுவது பிள்ளையா, பிடித்திருப்பவரா என்று சோதித்த ஆய்வுகளில் பிடித்திருப்பவரே என்பது திரும்பத் திரும்பத் தெரிந்தது. அந்தப் பணமும் காலமும் நல்ல நாற்காலிக்கும் நல்ல பயிற்றுநருக்கும் போகட்டும்.

உரிமையாகக் கிடைக்க வேண்டியவற்றைக் கேட்டு வாங்கவும் வேண்டும். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் முதல் சாவி. தமிழக அரசு கடுமையான பாதிப்பும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களுக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்; தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. தமிழகத்தில் உலக வங்கி உதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தின்கீழ் 'விழுதுகள்' என்ற பெயரில் தெரபியும் ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கும் மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. பிள்ளைக்கு 18 வயது ஆகும்போது, தேவைப்பட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலருக்கு விண்ணப்பிக்கலாம்.

பள்ளி ஏதேனும் பிள்ளையைச் சேர்க்க மறுத்தால் பெற்றோர் அந்த மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். எழுதித்தரத் தயங்கும் பள்ளிகள் பல பேச்சை மாற்றிக்கொள்வதுண்டு. தராவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் மாநில ஆணையரிடமும் புகார் செய்யலாம். வீட்டில்தான் கற்பிப்பது என்று முடிவெடுத்தாலும் பக்கத்து வட்டார வள மையத்தில் பிள்ளையின் பெயரைப் பதிவுசெய்துவிடுவது நல்லது. பயிற்றுநர் வருவது அந்தப் பதிவை வைத்துத்தான். உங்கள் தெருவில் இப்படியொரு பிள்ளையை வளர்க்கும் குடும்பம் இருந்தால் இந்தத் தகவலை அவர்களிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "ஒரு மணி நேரம் பிள்ளையை நான் பார்த்துக்கிறேன், நீங்க வெளியே போயிட்டு வாங்க" என்றும் கேட்டுப்பாருங்கள்.